மார்புப் பயிற்சியும் மாறா வலியும்

வைகறைப் பொழுதில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவினுட் புகுவார்க்கு ஓர் இனிய காட்சி புலனாகும். முதியோர் நடப்பர், சிலர் அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்வர், இளைஞர் ஒருபுறம் தண்டால் எடுப்பர். மெரினா மணற்பரப்பிலும், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையிலும், தியாகராய நகரில் ஜிம் என வழங்கும் பயிற்சிக் கூடங்களிலும் இக்காட்சி உண்டு. இவ்விளைஞர் பெரிதும் விழைவது விரிந்த மார்பு. இவ்விழைவு புதியதன்று. பழந்தமிழ்ப் புலவர் தலைவனைப் பாடுங்கால் அவன் மார்பின் விரிவைப் பாடத் தவறினாரல்லர். ‘அகலம்’ என்னும் சொல்லே அக்காலத்து மார்புக்கு ஒரு பெயராக வழங்கிற்று. ஆயின் அவ்வகலத்தை விரைந்து பெற முயல்வார் பலர்க்குத் தோளிலும் நடுமார்பெலும்பிலும் ஒரு வலி வந்து குடிகொள்கின்றது. அவ்வலி யாது, அஃது ஏன் வந்தது, அஃது உள்ளபோதே மார்பைப் பயிற்றுதல் கூடுமோ என்பனவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இதனை எழுதத் தூண்டியது எம் பிழை ஒன்று. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

யாம் மூவர் ஒருங்கு பயிற்சி செய்பவர். ஒருவர் மயிலாப்பூரினர், ஒருவர் தியாகராய நகரினர், ஒருவர் அடையாற்றினர். சென்ற ஆண்டு மாரிக்காலத்துக்கு முன்னர், நூறு தண்டாலை இடைவிடாது எடுப்பவர் யார் என்று எம்முள் ஒரு பந்தயம் எழுந்தது. மயிலை நண்பர் அறுபத்தெட்டாவது தண்டாலில் தாழ்ந்தபோது அவர்தம் நடுமார்பிற் சுரீரென ஒரு வலி கண்டது. அவர் நிறுத்த முயன்றார். ஏனை இருவேமும் விட்டிலேம். “பல்லைக் கடித்துக்கொள், இன்னும் முப்பத்திரண்டுதான்” என்று ஊக்கினோம். அவர் எண்பதைத் தொட்டு வீழ்ந்தார். அன்றுதொட்டு மூன்று திங்கள்வரை நடுமார்பிலும் வலத்தோளின் முன்புறத்தும் அவர்க்கு வலி நீங்கவில்லை. இருமினால் வலிக்கும், பேருந்தில் மேற்கம்பியைப் பற்றினால் வலிக்கும், இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும். அவரோ அதனை ஒருவர்க்கும் உரைத்திலர்.

உரையாமைக்குக் காரணம் இருந்தது. மார்பு என்பதும் நெஞ்சு என்பதும் நூல்களில் ஒருபொருட் கிளவிகளாகவும் வரும். வீட்டு வழக்கிலோ ‘மார்பு வலிக்கிறது’ என்பார் அரியர். ‘நெஞ்சுவலி’ என்றே யாவரும் கூறுவர். நெஞ்சுவலி என்ற அளவில் கேட்போர் அனைவரும் எண்ணுவது மாரடைப்பையே. நம் நண்பரின் தந்தையார் நாற்பத்தாறாம் அகவையில் அவ்வாறே காலமானவர். அச்சொல்லை அவ்வீட்டில் மீண்டும் ஒருமுறை உரைக்க அவர்க்கு நா எழவில்லை. தந்தையார்க்கு வந்ததே தமக்கும் வந்ததோ என்னும் அச்சத்தைத் தனியே சுமந்துகொண்டு, வெளியே எம்மொடு நகைத்துத் திரிந்தார். ஒருநாள் கல்லூரி மாடிப்படியிற் புத்தகப்பையைத் தோளினின்று இறக்கியபோது அவர் முகம் சுளித்தது. அதனைக் கண்டு வற்புறுத்தி வினவினோம், உண்மை வெளிப்பட்டது. அன்று மாலையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவதாக அமைந்துள்ளது. நோய் இன்னதென முதலில் தெளிதல் வேண்டும், பின்னர் அதன் காரணத்தை உணர்தல் வேண்டும், அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும் என்னும் முறை அதன்கண் வற்புறுத்தப்படுகின்றது. அந்நூலை வகுப்பிற் பயின்ற யாமே அம்முறையைத் தலைகீழாக்கினோம். நோயையும் அறியாது, காரணத்தையும் ஆராயாது, ‘தைலம் தேய், சரியாகும்’ என்ற அளவில் நின்றோம். இக்கட்டுரையிலேனும் அம்முறையே செல்வோம்.

முதலாவது, நோயைத் தெளிதல். மருத்துவர் எம் நண்பரின் தந்தையார் வரலாற்றைக் கேட்டவுடன், வேறொன்றும் பேசாது ஈ.சி.ஜி. என்னும் இதயப் பதிவை எடுக்கச் செய்தார். அதிற் குற்றமொன்றும் இல்லை என்று கண்ட பின்னரே மார்பைத் தொட்டுப் பார்த்தார். விலாவெலும்புகள் நடுமார்பெலும்போடு கூடும் இடங்களை ஒவ்வொன்றாக விரல்நுனியால் அழுத்தி வந்தார். வலப்புறம் மூன்றாவது விலாவெலும்பின் அருகில் அழுத்தியவுடன் நண்பர், “ஐயா, அதே வலிதான்” என்றார். மருத்துவர் புன்முறுவலுடன், “தம்பி, இது குருத்தெலும்பு அழற்சி. இதயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை” என்றார். நண்பர் கண்களில் நீர் நிறைந்தது. மூன்று திங்களாக அவர் சுமந்தது எத்துணைப் பெரிய சுமை என்பதை யாம் அப்பொழுதே உணர்ந்தோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அழுத்தினால் வலிக்கின்றது என்பதொன்றே இதயநோய் இல்லை என்பதற்குப் போதிய சான்றாகாது. ஆதலின் தம்மைத் தாமே சோதித்துத் தெளிந்துவிட்டதாக ஒருவரும் கருதலாகாது. மார்பைப் பாரம் வைத்து அமுக்குவது போன்ற உணர்வு, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மயக்கம் என்பன தோன்றினால் ஒரு நொடியும் தாழ்க்காது 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். நடக்குங்கால் வந்து நின்றால் தணியும் மார்புவலியையும் மருத்துவர் உடனே அறிதல் வேண்டும். காய்ச்சலோடு கூடிய வலி, விபத்தின் பின் வந்த வலி, எலும்பின்மேல் வீக்கத்தோடு கூடிய வலி ஆகியனவும் அவ்வாறே. தோளைப் பொறுத்தவரை, கையைத் தலைக்குமேல் உயர்த்தவே வலுவில்லாமை, விழுந்தபின் தோளின் வடிவம் மாறுதல், இரவுதோறும் உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை பயிற்சியாற் போக்கத்தக்கன அல்ல, மருத்துவர் ஆராயத்தக்கன.

இரண்டாவது, காரணத்தை உணர்தல். இதற்கு மார்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் உடம்பில் விலாவெலும்புகள் பன்னிரண்டு இணை. அவற்றுள் மேலுள்ள ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பு வாயிலாக நடுமார்பெலும்போடு நேரே கூடுகின்றன. நாம் மூச்சு வாங்கும்தோறும் இக்கூட்டிடங்கள் அசைகின்றன. கை ஒடிந்தால் கட்டுப் போட்டு அசையாது வைக்கலாம்; மூச்சை நிறுத்தி மார்புக்கு ஓய்வு கொடுத்தல் எவர்க்கும் இயலாது. இவ்விடத்துப் புண்பட்ட குருத்தெலும்பு ஆறுவதற்குச் சில வாரங்களோ சில திங்களோ செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வலி பெரும்பாலும் இரண்டாவது முதல் ஐந்தாவது வரையுள்ள விலாவெலும்புகளின் முனையில் தோன்றும். இதனை ஒத்ததாயினும் வீக்கத்தோடு கூடிய வேறொரு நிலையை, ஜெர்மானிய மருத்துவராகிய டீட்சே என்பார் 1921ஆம் ஆண்டில் விளக்கினார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனி, மார்பின் பெருந்தசையை நோக்குவோம். அஃது ஒரு விசிறியை ஒத்தது. விசிறியின் விரிந்த பகுதி காறையெலும்பிலும், நடுமார்பெலும்பிலும், மேல்விலாக்களின் குருத்தெலும்பிலும் பற்றியிருக்கின்றது. குவிந்த முனை மேற்கையெலும்பின் தலைப்பகுதியிற் சென்று பற்றுகின்றது. எனவே இத்தசை சுருங்கும்பொழுது ஒரு முனை தோளையும் மறுமுனை நடுமார்பையும் இழுக்கின்றது. தோள்வலியும் நடுமார்புவலியும் பலர்க்கு ஒருங்கே வருவதன் காரணம் இதனால் விளங்கும். ஒரு கயிற்றை மிகுதியாக இழுத்தால், கட்டிய இரு முளைகளும் அசைவது இயல்பன்றோ?

தோள்மூட்டும் ஒருவகையில் இரங்கத்தக்கது. இடுப்புமூட்டிற் பந்து போன்ற எலும்பு ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கின்றது. தோளிலோ பெரிய பந்து ஒரு சிறிய தட்டின்மேல் நிற்கின்றது. எல்லாத் திசையிலும் கையைச் சுழற்றும் உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை இது. அப்பந்து நழுவாமற் காப்பன சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். பெருந்தசையை மட்டும் நாடோறும் பயிற்றி இந்நான்கையும் முதுகுத் தசைகளையும் மறந்துவிட்டால், தோள் முன்னோக்கிச் சாயும். நூலின்மேலும் கைப்பேசியின்மேலும் குனிந்தே பகலைக் கழிக்கும் மாணவர்க்கு இச்சாய்வு முன்னரே உளது.

தண்டால் நம் நாட்டுப் பழைய பயிற்சி. அதன் சிறப்பை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயின் இடுப்பை உயர்த்தி நின்று, மார்பைத் தரையருகே தாழ்த்தி, முன்னோக்கி வளைந்தெழும் நாட்டுத் தண்டாலில் மிகத் தாழ்ந்த நிலையில் தோளும் நடுமார்பும் ஒருசேர விரிந்து பாரத்தைத் தாங்குகின்றன. இணைகம்பிகளுக்கிடையே தொங்கித் தாழ்ந்தெழும் பயிற்சியிலோ முழங்கை உடம்பின் பின்னே செல்ல, உடலின் ஏறத்தாழ முழு எடையும் அவ்விடத்தே விழுகின்றது. பழகிய உடம்பு இவற்றைத் தாங்கும். பழகாத உடம்பு வருந்தும். மேலும், தசை விரைவில் வலுப்பெறும். தசைநாணும் குருத்தெலும்பும் மெல்லவே வலுப்பெறும். ஒரு திங்களில் நூறு எடுக்கத் தசை துணிந்துவிடும். அதனைப் பற்றியிருக்கும் நாண் இன்னும் ஐம்பதுக்கே அணியமாக இருக்கும். எம் பந்தயத்தில் நேர்ந்தது இதுவே.

மூன்றாவது, தணிக்கும் வழி. வலி கண்டவர் பெரும்பாலும் இரு வழியுள் ஒன்றிற் செல்வர். ஒரு சாரார் வலியை இகழ்ந்து முன்போலவே செய்வர். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் பாரம் தூக்குவாரும் உளர். காவலன் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும் அச்செயல். மற்றொரு சாரார் அஞ்சிப் பயிற்சியை அறவே விடுவர், தசை மெலியும், மீண்டும் தொடங்கும் நாளிற் சிறு பாரமும் பெரும் பாரமாகி வலி திரும்பும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உளது. நண்பரை நோக்கி மருத்துவர், “ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பதன்று, தம்பி, வலி பொறுக்கும் அளவுக்குக் குறைத்துச் செய்வது” என்று கூறி, உடலியக்க மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர்பாற் கற்றவற்றின் சாரத்தைக் கீழே தருகின்றோம்.

முதலிற் கைக்கொள்ள வேண்டியது ஓர் அளவுகோல். வலியே இல்லாமையைச் சுழியம் என்றும், பொறுக்கவொண்ணாமையைப் பத்து என்றும் கொள்க. பயிற்சியின்போது வலி மூன்றுக்கு மேற்படலாகாது. மேற்பட்டாலும் குறைந்தாலும், மறுநாட் காலையில் அது வழக்கமான நிலைக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். திரும்பாவிடின் முதல்நாட் செய்தது மிகை என்று அறிந்து குறைத்தல் வேண்டும். நம் நண்பர் ஒரு சிறு குறிப்பேட்டில் நாடோறும் இரண்டு எண்களை எழுதி வந்தார்: பயிற்சியின்போது இருந்த வலி, மறுநாட் காலையில் இருந்த வலி. ‘வலிக்கிறதா?’ என்னும் வினாவுக்கு அச்சம் விடை கூறும். குறிப்பேட்டு எண்ணோ உண்மையைக் கூறும்.

அடுத்தது, பாரத்தைக் குறைக்கும் முறை. தரையிற் கையூன்றி உடலை நேராக வைத்து எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 64 பங்கைக் கைகள் தாங்குகின்றன. முழந்தாளைத் தரையில் ஊன்றிச் செய்தால் அது 49 அளவாகக் குறையும். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு திண்ணையிற் கையூன்றிச் செய்தால் 41 அளவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு இவை முறையே ஏறத்தாழ 38, 29, 25 கிலோவாம். சுவரிற் கையூன்றி நின்று செய்தால் பாரம் இன்னும் மிகக் குறையும். ஆகவே ஒரு காசும் செலவின்றி, சுவர், மேசை, திண்ணை, படி, தரை என்னும் ஐந்து படிகளால் மார்பை மெல்ல மெல்லப் பயிற்றலாம். எம் நண்பர் தம் வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து தொடங்கினார்.

மூன்றாவதாகக் கருத வேண்டுவது கையின் கோணமும் தாழும் ஆழமும். முழங்கைகளைச் சிலுவை போல் இருபுறமும் விரித்துச் செய்தல் தோளை வருத்தும். உடம்போடு ஏறக்குறைய 45 பாகையில் வைத்துச் செய்தல் நன்று. மூன்று எண்ணும் அளவு மெல்லத் தாழ்ந்து, வலி தோன்றுவதற்குச் சற்று முன்னரே நின்று எழுதல் வேண்டும். நாளடைவில் ஆழம் தானே மிகும். ஜிம்முக்குச் செல்வோர், பலகையில் மல்லாந்து எடையை மேலுந்தும் பெஞ்ச் பிரஸ் பயிற்சிக்கு மாறாக, தரையிற் படுத்து டம்பெல்லை மேலுந்தலாம். முழங்கை தரையைத் தொட்டவுடன் நின்றுவிடுமாதலின், தோள் அளவுக்கு மிஞ்சிப் பின்னே செல்லாது. வலி தணியுமளவும் இணைகம்பித் தாழ்வையும், கைகளை அகல விரித்து டம்பெல் தூக்குதலையும், கதவு நிலையிற் கைவைத்து மார்பைக் கடுமையாக இழுத்து விரித்தலையும் விலக்குதல் தகும்.

நான்காவது, முதுகை மறவாமை. மார்பால் ஒருமுறை தள்ளினால் முதுகால் இருமுறை இழுத்தல் வேண்டும் என்பது நண்பர்க்கு வகுக்கப்பட்ட கணக்கு. ஒரு ரப்பர்ப் பட்டையைச் சன்னற் கம்பியிற் கட்டி, முழங்கைகளைப் பின்னோக்கி இழுத்துத் தோட்பட்டைகளை நெருக்குதல் ஒரு பயிற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, அப்பட்டையை வெளிப்புறமாக இழுத்தல் மற்றொன்று. இதனால் தோளைக் காக்கும் சிறு தசைகள் வலுப்பெறும். வாரத்தில் மூன்று நாள் போதும். இடைப்பட்ட நாட்கள் சோம்பற்குரியன அல்ல. உடம்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் நாட்கள் அவை. எண்ணிக்கை, உயரம், ஆழம், விரைவு என்னும் நான்கனுள் ஒரு வாரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். நான்கையும் ஒருங்கே மாற்றினால், வலி வந்தபோது எதனால் வந்தது என்று அறிய இயலாது.

இவ்வாறு பயிற்சியை ஆளுக்கேற்ப அமைத்தல் என்னும் கருத்து இந்நகர்க்குப் புதியதன்று. மயிலாப்பூர்க்கும் தியாகராய நகர்க்கும் அடையாற்றுக்கும் இடையே அமைந்த நந்தனத்தில், ஓங்கிய மரங்களின் நிழலில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி விளங்குகின்றது. அமெரிக்கராகிய ஹாரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டில் அதனைச் சென்னையிலே தொடங்கினார். கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பயின்ற ஆசிரியர் வேண்டுவது போலவே உடற்பயிற்சிக்கும் பயின்ற ஆசிரியர் வேண்டும் என்பது அக்கல்லூரியின் அடிப்படை. 1924ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவொடும் பக் தொடர்புற்றிருந்தார். 1943ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். அவர் விதைத்த விதையால் நம் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பெருகினர். மூவரும் கூடி வாயளவில் வீரம் பேசிய யாம், அவருள் ஒருவரை அணுகி ஒரு சொற் கேட்டிருப்போமாயின் இவ்வல்லல் நேர்ந்திராது.

யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1888ஆம் ஆண்டிற் பிறந்து மைசூரிற் புகழ்பெற்ற அவர், பிற்காலத்திற் சென்னையில் வாழ்ந்து கற்பித்தார். ஆள் பயிற்சிக்கேற்ப வளைதல் வேண்டா, பயிற்சியே ஆளுக்கேற்ப வளைதல் வேண்டும் என்பது அவர்தம் பிற்காலக் கொள்கை. தொண்ணூறு கடந்த முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிற் கிடந்தவாறே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார் என்பர். 1989ஆம் ஆண்டில், நூறு வயது நிறைந்தபின் மறைந்தார். அவர் பெயரால் அவர் மகனார் தேசிகாச்சார் 1976ஆம் ஆண்டில் நிறுவிய யோக மந்திரம் மந்தைவெளியில் உளது. நூறாண்டு வாழ்ந்த பெரியார் தம் உடம்பின் சொல்லுக்குச் செவிசாய்த்தார். பத்தொன்பது வயதினேமாகிய யாமோ அதன் வாயை அடைக்க முயன்றோம்.

நம் நண்பரின் செய்தியைக் கூறி முடிக்கின்றோம். மருத்துவரைக் கண்ட அன்று இரவே அவர் தம் அன்னையார்க்கு யாவற்றையும் உரைத்தார், யாமும் உடனிருந்தோம். அவ்வம்மையார் முதலிற் கலங்கினார். இதயப் பதிவின் முடிவைக் காட்டியபின் தேறினார். “வலி என்றால் வாயைத் திறந்து சொல்லக் கூடாதா, தம்பி?” என்று மகனைக் கேட்டார். பின்னர் எம்மிருவர் பக்கம் திரும்பி நன்றாகக் கடிந்துகொண்டார். இறுதியிற் காப்பியும் கொடுத்தனுப்பினார். தந்தையார்க்கு இளமையிலேயே மாரடைப்பு வந்தமையின், இரத்தக் கொதிப்பையும் இரத்தத்திலுள்ள கொழுப்பையும் அவ்வப்போது சோதித்து வருமாறு மருத்துவர் நண்பர்க்கு அறிவுறுத்தியுள்ளார். வலியை மறைத்திருந்தால் அவ்வறிவுரையும் கிடைத்திராது.

இப்பொழுது ஐந்து திங்கள் கழிந்தன. சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து படிக்கும் இறங்கி, சென்ற வாரம் நண்பர் தரையில் இருபத்திரண்டு தண்டால் எடுத்தார். குறிப்பேட்டில் அன்று எழுதிய எண் ஒன்று, மறுநாள் சுழியம். மழை நாட்களிலோ நெடுநேரம் எழுதிய நாட்களிலோ மார்பில் இன்னும் ஒரு சிறு கடுப்பு எழுவதுண்டு; அதனை அவர் மறைப்பதுமில்லை, அதற்கு அஞ்சுவதுமில்லை. இருபத்துமூன்றாவது எடுக்கலாமா என்று எம்மை நோக்கினார். “போதும், எழுந்திரு” என்றோம். அகன்ற மார்பு வேண்டுவோர் முதலில் அம்மார்பு கூறும் சொல்லைக் கேட்கப் பயிலுதல் வேண்டும் என்பதும், உடன் நிற்கும் நண்பர் அச்சொல்லை அடக்காதிருத்தல் வேண்டும் என்பதுமே யாம் கற்ற பாடம். நூறு தண்டாற் பந்தயத்தை எம் மூவர் ஒப்புதலோடு நீக்கிவிட்டோம்.